மாட்டு ஊசிக் கேனும் என் தங்கையின் விரலும்

தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று பார்க்கத் தண்ணீர் தெளிக்கிறேன். துளிகள் கல்லில் ஒட்டாமல் உருண்டு, ஒன்றை ஒன்று துரத்தி, ஸ்ஸ்ஸென்று கத்திக்கொண்டு ஓரத்துக்கு ஓடி மாய்கின்றன. சித்தூரில் எல்லாச் சமையலறையிலும் இந்நேரம் கேட்கிற சத்தம்தான்.  அதைக் கேட்டதும் நான் மட்டும் கரண்டியை ஓங்கி வைக்கிறேன். மாவு சுவரில் தெறிக்கிறது.

அதே உருளலை, அதே ஓட்டத்தை, நான் ஒரு மாட்டுத் தொழுவத்தின் சிமெண்டுத் தரையில் பார்த்திருக்கிறேன். அங்கே தரை சூடாக இல்லை. ஓடிய துளிகள்தான் நான் கண்டதிலேயே மிகக் குளிர்ந்தவை. அவை என் தங்கையின் கால்களுக்கு நடுவே ஓடின. அவள் வேடிக்கை பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் யாரையாவது அறைய வேண்டும் போலிருக்கிறது. யாரை என்றுதான் தெரியவில்லை.

நாங்கள் மலையில், சூரியநெல்லிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்கள். வரிசையாய் ஒட்டிக் கட்டிய வீடுகள். தோட்டம் கொடுப்பது, தோட்டமே திரும்ப எடுத்துக்கொள்வது. குடும்பத்தில் ஒருவர் நிரந்தரத் தொழிலாளியாக இருக்கும்வரை கதவு நம்முடையது. அதன் பிறகு கதவுக்கு நாம் அந்நியர். நான் படித்து இறங்கி வந்துவிட்டேன். பாலக்காட்டுப் பக்கம் சித்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். தங்கை அங்கேயே கொழுந்து கிள்ளினாள், தற்காலிகத் தொழிலாளியாக. அம்மாவுக்கு வேலைக் காலம் முடிந்தது. அம்மாவின் இடத்தில் தங்கையை பர்மனென்ட் ஆக்குவதாகத் தோட்டத்தில் சொன்னார்கள். ஆக்கினால் அம்மாவும் தங்கையும் அவள் பிள்ளைகளும் அந்த வீட்டில் இருப்பார்கள். ஆக்காவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டும். நடுவில் நின்றது ஒரு பாலுண்ணி.

தங்கையின் வலது கை ஆட்காட்டி விரலில், பக்கவாட்டில், கட்டைவிரல் வந்து தொடும் இடத்தில் அது முளைத்திருந்தது. காலிஃபிளவரில் உதிர்ந்த துணுக்கு போல. கொழுந்தைக் கிள்ளும்போதெல்லாம் அங்கேதான் உரசும்; உரசினால் ரத்தம். பக்கத்து நிரையில் கிள்ளுகிற பெண்கள் அவள் நீட்டிய வெற்றிலையை வாங்காமல் நகர்ந்தார்கள். தோட்டத்து டாக்டர் அவள் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத எடுத்துட்டு வா, அப்புறம் கையெழுத்து போடறேன்" என்றார். எங்கே எடுப்பது, எப்படி எடுப்பது என்று சொல்வது அவர் வேலை இல்லை போலிருக்கிறது.

அவள் எருக்கம்பால் வைத்தாள். சுண்ணாம்பும் சவுக்காரமும் குழைத்து வைத்தாள். முருகன் கோயிலில் உப்பும் மிளகும் போட்டாள். டிஸ்பென்சரியில் ஒரு களிம்பு கொடுத்தார்கள். பாலுண்ணி எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டு நன்றாக வளர்ந்தது.

அப்போதுதான் நான் ஃபோனில் ஒரு பெட்டி வாங்கினேன். வீட்டிலேயே உறைய வைத்துப் பாலுண்ணியை உதிர்க்கும் சாதனம். உள்ளே ஒரு சின்ன டப்பா, நுனியில் பஞ்சு வைத்த குச்சிகள். டப்பாவை அழுத்தினால் காற்று சீறிப் பஞ்சு நனைந்து உறையும். அதைப் பாலுண்ணி மேல் வைக்க வேண்டும். அட்டைப் படத்தில் ஒரு பாதம். பளபளவென்று, பவுடர் போட்ட மாதிரி. பெட்டியை எடுத்துக்கொண்டு விடுமுறையில் மலையேறினேன்.

"அக்கா, இது கொசு மருந்து மாதிரில்லா இருக்கு" என்றாள் தங்கை.

"பேசாம கையக் காட்டு."

வைத்தேன். விரல் லேசாக வெளுத்தது. அவள் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

"இதுதான் குளிரா? மார்கழியில எங்க பைப்பு தண்ணி இதவிட நல்லாக் கடிக்கும்க்கா."

அம்மா அடுப்படியிலிருந்து சிரித்தாள். எனக்கு எரிச்சல். பெட்டியில் சொன்னபடி தங்கை மறுபடியும் சில வாரம் விட்டுவிட்டுச் செய்தாள். மேல்தோல் உரிந்தது, உதிர்ந்துவிட்டது என்று எனக்கு ஃபோன் செய்து கொண்டாடினாள். மழை நின்று வெயில் வந்தபோது அதே இடத்தில் அது திரும்பி வந்தது, கூடவே இரண்டு குட்டிகளோடு. அந்த டப்பாவின் குளிர் மேலோடு நின்றுவிடுகிற குளிர் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கிள்ளிக் கிள்ளிக் காய்ப்பேறிய தோல் அவளுடையது. அட்டையில் சிரித்த பாதம் ஒரு நாளும் சரிவில் ஏறியதில்லை. யாருடைய தோலை நினைத்து இவற்றைச் செய்கிறார்கள்? கொழுந்துக் கூடை சுமக்கிற ஒருத்தி இதை வாங்குவாள் என்று அந்தக் கம்பெனியில் ஒருவருக்காவது தோன்றியிருக்குமா?

பிறகு பாலக்காட்டில் ஒரு தோல் கிளினிக். தங்கை மலையிலிருந்து இறங்கி வந்தாள். யானை ரோட்டில் நின்று, பஸ் நின்று, உடுமலையில் அடுத்த பஸ் தவறி, விடிந்து கிளம்பியவள் இருட்டித்தான் வந்து சேர்ந்தாள். மறுநாள் டாக்டரம்மா பாலுண்ணியின் தலையை முதலில் பிளேடால் சீவினார். பிறகு பிளாஸ்கு போன்ற ஒன்றிலிருந்து ஆவி பீய்ச்சினார். உதட்டுக்குள் எண்ணினார். வெள்ளை வட்டம் பாலுண்ணியைத் தாண்டி ஒரு நூலளவு பரவியதும் கையை எடுத்துவிட்டார். தானாக இளகும்வரை காத்திருந்தார். மறுபடி ஒரு தரம். அவ்வளவுதான். தங்கை பல்லைக் கடித்துக் கண்ணை மூடியிருந்தாள். இந்தக் குளிர் எங்கள் பைப்புத் தண்ணீர் அல்ல என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"மூணு வாரம் கழிஞ்சு வரணும். சிலப்போ நாலஞ்சு தடவை வேண்டி வரும்" என்றார்.

"டாக்டர், ஒரே தடவையா அடிச்சு விட்ருங்களேன். மலையில இருந்து எறங்கி வாறது பெரும்பாடு."

"அது பற்றில்லா, முடியாது. கூடுதல் வெச்சா ப்ரச்னம் ஆவும்."

"என்ன பிரச்சினைங்க டாக்டர்?" என்றேன் நான்.

அவர் ஏற்கெனவே மேசை மணியை அடித்துவிட்டார். அடுத்த டோக்கன் உள்ளே வந்து என் தோளில் இடித்தது. என் கேள்வி அந்த அறையில் அப்படியே நின்றது. நாங்கள் வெளியே வந்துவிட்டோம். அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் அடங்குவதில்லை. பதில் ஒரு மூச்சில் சொல்லக்கூடியது. அந்த ஒரு மூச்சை அவர் எங்களுக்குச் செலவு செய்யவில்லை.

மூன்று வாரம் கழித்துத் தங்கை மறுபடி இறங்கி வந்தாள். பாலுண்ணி பாதியாகக் குறைந்திருந்தது. அடுத்த திங்கட்கிழமை தோட்டத்து டாக்டர் கையைப் பார்க்கப்போகிறார் என்று சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை கிளினிக்குக்குப் போனால் கதவில் ஒரு தாள்: டாக்டர் லீவு, அடுத்த வாரம் வரவும். உள்ளே ஒரு பெண் ஃபோனில் யாரோடோ கல்யாணச் சாப்பாடு பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். "நேரத்தே விளிச்சு சோதிக்கண்டே?" என்று எங்களைத்தான் கேட்டாள். முன்னாடியே கூப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டாமா என்று! சூரியநெல்லியில் சிக்னல் கிடைக்கிற பாறை எதுவென்று இவளுக்குத் தெரியுமா?

 திரும்பி வரும் வழியெல்லாம் தங்கை விரலையே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டில் விட்டுவிட்டு நான் பிற்பகல் பள்ளிக்கூடம் போனேன்.

நான் குடியிருந்தது ஒரு விவசாயியின் வீட்டோடு ஒட்டிய பகுதியில். ஓனர் நெல்லும் தென்னையும் உள்ளவர். தொழுவம் நிறைய மாடு. அதோடு சுற்று வட்டாரத்து மாடுகளுக்கெல்லாம் சினை ஊசி போடுகிறவர். தொழுவத்து மூலையில் அலுமினியக் கேன் ஒன்று இருக்கும். அதற்குள் திரவ நைட்ரஜன். காளை வித்து அடைத்த குச்சிகள் அதில்தான் உறைந்து கிடக்கும். மூடியைத் திறந்தால் புகை வழிந்து தரையில் படரும். குழந்தைகள் கிட்டே போனால் சத்தம் போடுவார். வித்துக் குச்சியை எடுப்பதென்றால் அவர் வேறு ஆள். பேச்சு நின்றுவிடும். இளஞ்சூட்டுத் தண்ணீர் தயாராக இருக்க வேண்டும், கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான் முக்குவார், பார்த்துத்தான் எடுப்பார். ஒரு கணம் தப்பினால் வித்து செத்துப்போகுமாம்.

மாலை நான் கேட்டைத் திறந்தபோது தொழுவத்தில் சிரிப்புச் சத்தம். தங்கை முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். தரையில் முத்து முத்தாய்த் துளிகள் உருண்டு ஓடி மறைந்துகொண்டிருந்தன. ஓனர் கையில் நீண்ட இடுக்கி, அதன் நுனியில் பஞ்சு.

"வாங்க டீச்சர். வேல முடிஞ்சுதுங்க. உங்க பாலக்காட்டு டாக்டரு மாசக்கணக்கா இழுக்கற வேலைய ஒரு டீ குடிக்கற நேரத்துல முடிச்சாச்சு."

"என்ன பண்ணீங்க?"

"கேன்ல இருக்கறதுதானுங்க. அதே சாமானு. அவங்க வெள்ளக் கோட்டு போட்டுட்டு வெக்கறாங்க, நா லுங்கியக் கட்டீட்டு வெக்கறனுங்க. அவ்வளவுதா வித்தியாசம்."

தங்கையின் கையைப் பிடித்தேன். ஆட்காட்டி விரலின் முன்பாதி முழுக்க மெழுகுவத்தித் துண்டு போல வெளுத்திருந்தது. நகத்தால் தட்டினால் மரத்தைத் தட்டுவது போலக் கெட்டி. பாலுண்ணி இருந்த இடம் எது, இல்லாத இடம் எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"வலிக்கவே இல்லக்கா. மொதல்ல சுள்ளுன்னுச்சு. அப்புறம் ஒண்ணுமே தெரியல."

"ஒண்ணும் தெரியலன்னா நல்லதாடி அது?"

"ரெண்டு மூணு தரம் முக்கி முக்கி வெச்சனுங்க" என்றார் ஓனர், கேனை மூடியபடி. "வேரு வரைக்கும் எறங்கோணுமல்லங்க? தங்கச்சியேதா சொல்லுச்சு, இன்னும் புடிங்கண்ணா, இன்னும் புடிங்கண்ணான்னு. தைரியமான புள்ளைங்க."

என் பை கையிலிருந்து விழுந்தது. அதில் திருத்த வேண்டிய விடைத்தாள்கள். சாணத்தில் விழுந்தனவா என்றுகூடப் பார்க்கவில்லை.

"எவ்வளவு நேரம் வச்சீங்க?"

"அதையெல்லா யாருங்க பாத்தா?"

"மாட்டுக்குன்னா வாட்சைப் பாக்கறீங்களே!"

"அது வித்து செத்துப்போயிருமுங்க டீச்சர்" என்றார், எனக்குப் பாடம் எடுப்பது போல, நிதானமாக.

"வித்து சாகும்னு தெரியுது. வெரலு சாகும்னு தெரியலையா உங்களுக்கு? காளைக்கு இருக்கற மரியாதை என் தங்கச்சிக்கு இல்லையா?"

மாடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. ஓனரின் மனைவி பால் சொம்போடு ஓடிவந்தார். "நா அப்பவே சொன்னனுங்க டீச்சர், நம்மளுக்கு எதுக்குங்க இந்த வேலைன்னு. இந்த மனுசன் கேட்டாத்தானுங்களே! ஊருல எந்த மாடு மூக்கு ஒழுகினாலும் இவருக்குத்தா மொதல்ல தெரியும்."

"நீ சும்மா இருடி" என்றார் அவர். அவர் முகத்தில் தப்பு செய்த களை இல்லை. உதவி செய்தவனைத் திட்டுகிறார்களே என்ற மனத்தாங்கல்தான் இருந்தது. அதுதான் என் கோபத்துக்கு நெய் ஊற்றியது. கெட்டவனாக இருந்திருந்தால் வீட்டைக் காலி செய்துவிட்டு நிம்மதியாக வெறுத்திருப்பேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் விரல் இளகியது. இளக இளக வலி வந்தது. தங்கை தலையணையைக் கடித்தாள். காலையில் விரலைச் சுற்றி நாவல்பழ நிறத்தில் ஒரு கொப்புளம், விரலைவிடப் பெரிதாக. ஓனர் தன் ஜீப்பைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, "ஏறுங்க" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏறினேன். அரசு ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று டோக்கன் வாங்கியதும் அவர்தான்.

அங்கிருந்த இளம் டாக்டர் கொப்புளத்தை வடித்துக் கட்டுப்போட்டார். தன் விரலையே நீட்டிப் பேனாவால் பக்கவாட்டில் ஒரு கோடு இழுத்துக் காட்டினார்.

"இதிலதான் நெர்வ் போகுது. தோலுக்குத் தொட்டடியில். கூடுதல் நேரம் வெச்சா இதும் உறைஞ்சு போவும். பின்னே தொட்டா தெரியாது. அந்த உணர்ச்சி திரிச்சு வரலாம், வராம இருக்கலாம். நோக்கணும்."

ஒரே மூச்சு. நான் கணக்கு வைத்திருந்த அந்த ஒரே மூச்சு. இதைப் பாலக்காட்டு அறையில் சொல்லியிருந்தால், தொழுவத்தில் என் தங்கை "இன்னும் புடிங்கண்ணா" என்று சொல்லியிருக்க மாட்டாள்.

ஓனர் விடவில்லை. "சார், அதே சாமானுந்தானுங்களே? கிளினிக்குல வெக்கறதும் நைட்ரஜனுதானுங்களே?"

"சாமானம் அதுதன்னே" என்றார் டாக்டர். "எப்போ எடுக்கணும்னு அறியணும்."

 திரும்பி வரும்போது ஓனர் ஜீப்பை ஓட்டியபடி, யாருக்கும் இல்லாமல் பொதுவாகச் சொன்னார்: "எப்படியும் பாலுண்ணி போயிருமுங்க."

போய்விட்டது. என்னால் தாங்க முடியாதது அதுதான். கொப்புளம் காய்ந்து தோல் உரிந்தபோது பாலுண்ணியும் குட்டிகளும் வேரோடு போய்விட்டன, இன்றுவரை திரும்பவில்லை. திங்கட்கிழமை தோட்டத்து டாக்டர் கட்டைப் பார்த்து "என்ன இது?" என்றிருக்கிறார். "கத்திரி பட்ருச்சு சார்" என்றிருக்கிறாள் இவள். கொழுந்து வெட்டும் கத்திரி படாத கை தோட்டத்தில் உண்டா? அவர் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார். பாலுண்ணி என்றால் அருவருப்பு, வெட்டுக்காயம் என்றால் உழைப்பு. தங்கை பர்மனென்ட். அம்மா அதே அடுப்படியில் இருக்கிறாள். ஓனர் ஊரெல்லாம் இந்தக் கதையைச் சொல்கிறார், வெற்றிக் கதையாக.

விரலின் அந்தப் பக்கம் மட்டும் எதையும் அறிவதில்லை. புதுச் செடி நிற்கும் இளங்காட்டில் கத்திரி வைக்க விடமாட்டார்கள், கையால்தான் கிள்ள வேண்டும். "ஒடிஞ்சதா இல்லையான்னு வெரலுக்குத் தெரியலக்கா. குனிஞ்சு பாத்துப் பாத்துக் கிள்ளுறேன்" என்கிறாள் ஃபோனில். கூடை மெல்ல நிறைகிறது. சூப்பர்வைசர் கத்துகிறார். அவள் அதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்கிறாள்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின நாள், அவள் மலைக்குக் கிளம்பிய ஞாயிற்றுக்கிழமைக் காலை. சித்தூர் பஸ் ஸ்டாண்டில் பொள்ளாச்சி வண்டி உறுமிக்கொண்டு நின்றது. கட்டுப்போட்ட கையை மார்போடு வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நான் கீழே நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு முந்தைய நாள் முழுக்கச் சொன்னதையே திரும்பச் சொன்னேன். இன்னும் சில நாள் இரு. தோல் டாக்டர் வரட்டும், காட்டிவிட்டுப் போகலாம். இல்லையென்றால் நானும் இப்போதே உன்னோடு வருகிறேன், தோட்டத்து டாக்டரிடம் நான் பேசுகிறேன், தேதியைத் தள்ளி வைக்கச் சொல்கிறேன்.

"தள்ளி வச்சா வேற ஆள எடுத்துருவாக."

"எடுக்கட்டும். வெரலு போயிரும்டி."

"வெரலு பத்து கெடக்கு எனக்கு. இப்ப எதுக்கு ஸ்டாண்டுல நின்னு கத்துற? எல்லாரும் பாக்காக."

"பாக்கட்டும். நான் வரத்தான் போறேன். அந்த ஆளுகிட்ட நாலு வார்த்த கேக்கணும் எனக்கு. எங்க போயி எடுக்கணும்னு அவருதான் சொல்லியிருக்கணும்."

கண்டக்டர் விசிலை ஊதினார். வண்டி நகர்ந்தது. தங்கை நல்ல கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, கம்பியைப் பிடித்திருந்த என் விரல்களை ஒவ்வொன்றாய்ப் பிரித்து விட்டாள்.

"நீ வராதக்கா. வந்தா கோவத்துல ஏதாச்சும் பேசுவ. நீ பேசுனா வீடு போயிரும்."